தோட்டா நுழையும் வாய்: போட்டிக்குத் தயாராகும் செமி-ஆட்டோ ஷாட்கன்

அமெரிக்காவில் 1935 முதல் ஒரு விதி உண்டு. வாத்து போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாடப் போகிறவரின் ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் மேகசின் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி, இடத்தை அடைத்துவிட்டுத்தான் துப்பாக்கியை விற்பார்கள். சதுப்பு நிலத்தில் விடியலுக்கு முன்பே போய் உட்கார்ந்து, பறவைக்கூட்டம் தலைக்கு மேல் வந்ததும் மூன்று வெடி வெடித்துவிட்டு, அடுத்த கூட்டம் வரும்வரை ஆற அமரத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஆளை மனத்தில் வைத்து உருவான கருவி இது. தானாகவே காலித் தோட்டாவைத் துப்பி, அடுத்ததை உள்ளே இழுத்துக்கொள்ளும் செமி-ஆட்டோ ஷாட்கன்னின் தொழிற்சாலை வடிவம் இன்றும் ஏறக்குறைய அந்த வேட்டைக்காரருக்குரியதுதான்.

இதே துப்பாக்கியைக் கடிகாரம் ஓடும் போட்டிக்குக் கொண்டுவந்தால் கதை மாறுகிறது. கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் வைத்து ஆடும் ‘த்ரீ-கன்’ போட்டியில் ஒரே சுற்றில் ஷாட்கன்னுக்கு மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட இலக்குகள் வரக்கூடும். இரும்புத் தட்டுகள், மேலே எறியப்படும் களிமண் தட்டுகள், தூரத்தில் ஒற்றைக் குண்டால் அடிக்க வேண்டிய காகித இலக்குகள் என்று கலந்து இருக்கும். துப்பாக்கியில் ஏறியிருப்பதோ ஒன்பது தோட்டாதான். மீதியை ஓடிக்கொண்டே ஏற்ற வேண்டும். போட்டியாளர்கள் பணத்தைக் கொட்டுவது பெரும்பாலும் குண்டு வெளியே போகும் முனையில்: குழலில் துளை, நீண்ட கூம்பு, குழல்முனையை இறுக்கும் விலையுயர்ந்த சோக். நேரம் தொலைவதோ தோட்டா உள்ளே போகும் முனையில். எந்த மாற்றம் எதைத் தருகிறது என்று இந்தத் துறையை முழுக்கப் பார்க்கும்போது, என் கண்ணில் முதலில் படுவது இந்தப் பொருத்தமின்மைதான்.

எல்லா ஷாட்கன் போட்டியும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் களங்களில் செமி-ஆட்டோவுக்குத் தடை கிடையாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். பம்ப் வகையைத்தான் விலக்கியிருக்கிறது. மேகசினில் ஒன்றுக்கு மேல் ஏறாதபடி அடைத்துவிட்டால் செமி-ஆட்டோவோடு தாராளமாகக் களமிறங்கலாம். இருந்தும் அங்கே ஏறக்குறைய எல்லார் கையிலும் மேல்கீழ் இரட்டைக்குழல்தான். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்திலிருந்து வந்த பிருத்விராஜ் 2024இல் பாரிஸில் சுட்ட டிராப் பிரிவும் அப்படித்தான். காரணங்கள் எளியவை. இரண்டு குழல் என்றால் இரண்டு வெவ்வேறு சோக். பறந்துபோகும் தட்டுக்கு முதல் வெடி ஒரு விரிவில், தப்பினால் இரண்டாவது இன்னும் இறுக்கமான விரிவில். மடித்துத் திறந்தால் துப்பாக்கி காலி என்பது களத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும். காலித் தோட்டா பக்கத்து ஆளின் முகத்தில் போய் விழாது. இயங்குபாகம் குறைவு என்பதால் சிக்கலும் குறைவு. எனவே டிராப்புக்காக ஒரு செமி-ஆட்டோவை எவ்வளவு செதுக்கினாலும், இரட்டைக்குழலோடு மல்லுக்கு நிற்பதாகத்தான் முடியும். அமெரிக்க ஸ்கீட் களங்களில் மட்டும், 1963இல் ரெமிங்டன் 1100 வந்தபிறகு, தோளை நோகடிக்காத அதன் குணத்துக்காகவே செமி-ஆட்டோ நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது.

செமி-ஆட்டோவுக்கு மாற்றே இல்லாத களம், த்ரீ-கன்னும், ஓடியாடிச் சுடும் விளையாட்டுக்கான சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி.யின் ஷாட்கன் போட்டியும். முதலாவது 1980களில் அமெரிக்காவில் ‘சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்’ இதழ் நடத்திய போட்டிகளில் வேர்கொண்டது. இரண்டாவதன் முதல் உலகப் போட்டி 2012இல் ஹங்கேரியின் டெப்ரெட்சனில் நடந்தது. பிறகு 2015இல் இத்தாலி, 2018இல் பிரான்ஸ். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இந்தக் களத்தைப் பற்றியதே.

துப்பாக்கியில் கை வைப்பதற்கு முன் அது எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் ஒரு வகைக்குப் பலன் தரும் மாற்றம் இன்னொரு வகையை முடக்கிவிடும். முதல் வெற்றிகரமான செமி-ஆட்டோ ஷாட்கன் ஜான் பிரவுனிங்கின் ஆட்டோ-5. வின்செஸ்டரோடு ராயல்டிப் பேச்சு முறிந்து, ரெமிங்டன் அலுவலகத்தில் அவர் காத்திருந்தபோது அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோக, பிரவுனிங் தன் வடிவமைப்பை பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அதில் குழலும், அதன் பின்முனையை அடைக்கும் போல்ட்டும் சேர்ந்தே பின்னோக்கிப் பாயும். கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரியும் இலேசானதற்கு இன்னொரு மாதிரியும் உராய்வு வளையங்களைத் திருப்பிப் போட வேண்டும். தோட்டாவுக்கேற்பத் துப்பாக்கியைச் சரிக்கட்டும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

இன்று களத்தில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று வாயு வகை: குழலில் உள்ள சிறு துளை வழியாக, வெடிமருந்து எரிந்த வாயுவில் கொஞ்சம் பிரிந்து வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். ரெமிங்டன் 1100, பெரட்டா 1301, எஃப்.என். எஸ்.எல்.பி., மாஸ்பெர்க் 930 எல்லாம் இந்த வகை. இன்னொன்று ஜடத்துவ வகை. இத்தாலியின் உர்பினோவில் 1967இல் தொடங்கிய பெனெல்லி நிறுவனத்துக்காக புருனோ சிவோலானி வகுத்தது. இதில் வாயுவுக்கு வேலையில்லை. வெடித்ததும் துப்பாக்கி முழுவதும் பின்னே நகர்கிறது. கனமான போல்ட் உடல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடித்த குட்டை ஸ்பிரிங் ஒன்று அமுங்குகிறது. அது திரும்ப விரியும்போது போல்ட்டின் தலை சுழன்று பூட்டு விடுபடுகிறது. கரி படிவது குறைவு, பாகங்களும் குறைவு. ஆனால் துப்பாக்கி பின்னே நகர்ந்தால்தான் எல்லாம் நடக்கும். இந்த நிபந்தனை பிறகு நம்மை வந்து கடிக்கும்.

இனி ஏற்றுவாய். துப்பாக்கியின் அடியில், விசைக்கூட்டுக்கு முன்னால் உள்ள திறப்பு இது. அதன் வழியாகத் தோட்டாவை முன்னோக்கித் தள்ளினால் மேகசின் குழாய்க்குள் போய் உட்காரும். வேட்டைக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். த்ரீ-கன் ஆட்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள்: இடுப்பிலிருந்து நான்கு தோட்டாவைக் கைக்குள் அள்ளி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் உருட்டி ஏற்றுவார்கள். 2010களின் தொடக்கத்தில் ‘குவாட் லோட்’ பரவியது. இடுப்பிலோ மார்பிலோ கட்டிய தாங்கியில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டு வரிசையாக நிற்கும். ஒரே பிடியில் நான்கைப் பறித்து, துப்பாக்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டை ஒரே தள்ளலில், அடுத்த இரண்டை இன்னொரு தள்ளலில் உள்ளே விடுவது. பழகியவர்கள் நான்கையும் இரண்டு வினாடிக்குள் முடித்துவிடுகிறார்கள். இருபத்துநான்கு தோட்டா வேண்டியிருக்கும் சுற்றில் இந்த ஒரு பழக்கம் மிச்சப்படுத்தும் நேரத்தை எந்தக் குழல்வேலையும் தந்துவிடாது.

இந்தப் பழக்கம் வந்தபிறகு, தொழிற்சாலையில் வெட்டிய ஏற்றுவாய் போதாமல் போனது. அதன் விளிம்புகள் நேர்க்கோடாகவும் கூராகவும் இருக்கும்; தோட்டாவின் பித்தளை விளிம்பு அதில் தட்டும்; கட்டைவிரல் தோல் உரியும். வாயை அகலமாக்கி, விளிம்பைச் சாய்வாக இழைத்து, முன்பக்கம் கட்டைவிரல் முழுதாக உள்ளே போகும் அளவுக்கு நீட்டி வெட்டுவதுதான் த்ரீ-கன் கன்ஸ்மித்துகளின் முதல் வேலை. போட்டிக்கென்றே விற்கும் ஸ்டோகர் எம்3கே, மாஸ்பெர்க்கின் ஜே.எம். புரோ போன்றவற்றில் இதைத் தொழிற்சாலையே ஓரளவு செய்து தருகிறது. உலோகத்தை எடுக்கும் வேலை என்பதால் எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. விசைக்கூட்டின் முன்முனை வரை வெட்டிக்கொண்டே போனால் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் தாழ்களுக்குப் பிடிமானம் குறையும்.

வாயைவிட நுட்பமானது அதன் உள்ளே இருக்கும் தூக்கி. மேகசினிலிருந்து பின்னே வந்த தோட்டாவை மேலே தூக்கி, அது வெடிக்கும் அறைக்கு நேராக வைக்கும் தட்டு அது. ஏற்றும்போது கட்டைவிரல் இதையும் சேர்த்து மேலே தள்ளியாக வேண்டும். தூக்கி குட்டையாக இருந்தால் அதன் முனைக்கும் குழாய்க்கும் இடையில் விரல் சிக்கிக்கொள்ளும்; நடுவில் பிளவிருக்கும் தூக்கி நகத்தைக் கடிக்கும். பெனெல்லியை வைத்திருப்பவர்கள் தூக்கியின் முனையை நீட்டி, வழவழப்பாக்கிக்கொள்வது இதற்காகத்தான். செலவு சிறியது, பலன் பெரியது. எந்த மாற்றத்தை முதலில் செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதையே சொல்வேன். துணைக்கு ஒரு நல்ல தோட்டாத் தாங்கியும் வீட்டில் போலித் தோட்டாவோடு பயிற்சியும்.

எளிதாகப் பிடிபடும் பெரிய போல்ட் கைப்பிடியும், போல்ட்டை விடுவிக்கும் அகலமான பட்டனும் அடுத்துச் சேர்க்கப்படுபவை. பதற்றத்தில் விரலால் சிறிய பட்டனைத் தேடுவது சிரமம்தான். ஆனால் பெரிதாக்கினால் எல்லாம் நன்மைதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரட்டா 1301-இன் முதல் தலைமுறையில் தொழிற்சாலையே பெரிய பட்டன் வைத்தது. அதன் கீழ்ப்பகுதி தவறுதலாக அழுந்தினால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா நழுவி வந்து, தூக்கிக்குக் கீழே மாட்டிக்கொண்டு, துப்பாக்கியையே பூட்டிவிடும். அதைத் தடுப்பதற்கென்றே பட்டனைச் சுற்றி வேலி போட்ட துணைப்பாகங்கள் சந்தைக்கு வந்தன. அடுத்த தலைமுறையில் நிறுவனமும் திருத்திக்கொண்டது. வேகத்துக்காகச் சேர்த்தது வேகத்தையே தின்ற கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேகசின் குழாயை நீட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் முதல் மாற்றம். கணக்கு இப்படிப் போகும்: 70 மில்லிமீட்டர் என்று பெயர் கொண்ட 12 போர்த் தோட்டா, வாய் மடித்த நிலையில் சுமார் 58 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஏனென்றால் அந்த 70 என்பது வெடித்து விரிந்த கூட்டின் நீளம். எட்டுத் தோட்டாவுக்கு 464 மில்லிமீட்டர். அதோடு அமுங்கிய ஸ்பிரிங்குக்கும், அதன் முனையில் தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயருக்கும் இடம். தோட்டா ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கூடினாலே எட்டுக்குப் பதினாறு மில்லிமீட்டர் கூடிவிடும். ஒரு பிராண்டில் எட்டு ஏறிய குழாயில் இன்னொன்றில் ஏழுதான் ஏறும் என்ற புகார் இதனால்தான். ஸ்பிரிங் நீளமாக இருந்தால் கடைசித் தோட்டாவை உள்ளே தள்ளக் கை வலிக்கும். குட்டையாக வெட்டிவிட்டால் மேகசின் காலியாகப் போகும் நேரத்தில் அது சோர்ந்துபோய், தோட்டா தூக்கிக்கு வந்து சேருமுன் போல்ட் மூடிக்கொள்ளும். பழைய குழாயும் நீட்டிப்பும் சேரும் மூட்டில் மயிரிழை மேடு இருந்தாலும் ஃபாலோயர் தட்டி நிற்கும். நீட்டிப்பை வாங்கிப் போட்டுவிட்டு, ஏன் நாலாவது தோட்டாவில் நிற்கிறது என்று போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் விரல்விட்டுத் தடவிப் பார்க்க வேண்டியது அந்த மூட்டைத்தான்.

எத்தனை நீட்டுவது என்பதை விதிதான் முடிவு செய்கிறது. பரவலாக ஆடப்படும் ‘டாக்டிகல்’ பிரிவில் தொடக்க மணிக்கு ஒன்பதுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. எனவே அறையில் ஒன்று, குழாயில் எட்டு. ஆனால் ஓட்டத்தின் நடுவே எத்தனை ஏற்றினாலும் கேள்வி இல்லை என்பதால், பத்து பன்னிரண்டு கொள்ளும் குழாயை வைத்துக்கொள்வோர் நிறைய. குழலின் முனையைத் தாண்டிக்கூட நீளும் அந்தக் குழாய் துப்பாக்கியின் எடையை முன்னே இழுத்துவிடுகிறது. வேகமாக இடவலம் திருப்ப வேண்டிய தட்டு வரிசைகளில் அது கைக்குப் பாரம். இரண்டு நான்காக ஏற்றப் பழகியவருக்குப் பன்னிரண்டு தேவையா என்பது எனக்குச் சந்தேகமே.

இப்போது, முன்பே சொன்ன கடி. ஜடத்துவத் துப்பாக்கிக்கு நீண்ட குழாயும், அதில் பத்துத் தோட்டாவும், பக்கவாட்டில் தாங்கியும், தோளில் பதியும் கட்டைக்குள் ஈயமும் சேர்த்தால் பின்னுதைப்பு குறையும், தோளுக்கு இதம்தான். ஆனால் துப்பாக்கி பின்னே நகரும் வேகமும் கூடவே குறைகிறது. அந்த வேகத்தை உண்டுதான் போல்ட் இயங்குகிறது. இலேசான பயிற்சித் தோட்டாவை இந்தக் கனத்த துப்பாக்கியில் போட்டால் காலிக்கூடு பாதி வெளியே வந்து நிற்கும். தடுப்புச் சுவரில் சாய்த்துச் சுடும்போதும் அப்படித்தான். உடனே பலர் போல்ட்டை முன்னே தள்ளும் திரும்புஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றுகிறார்கள். கூடு வெளியே வந்துவிடுகிறது. ஆனால் போல்ட் முன்னே போய் முழுதாகப் பூட்டுவதற்கான தள்ளலும் இளைத்துவிடுகிறது. போல்ட்டின் தலை முழுதாகச் சுழலாமல் நின்றுபோனால் விசையை இழுக்கும்போது வெடிக்குப் பதில் ‘டிக்’ மட்டும் கேட்கும். பெனெல்லி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சத்தம் அது. ஒரு மாற்றத்தின் பக்கவிளைவைச் சரிசெய்ய இன்னொன்று, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது என்று வால் நீண்டுகொண்டே போவதற்கு இங்கேதான் வழி திறக்கிறது.

வாயு வகையில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். இலேசான தோட்டாவிலும் இயங்க வேண்டுமென்று குழலின் வாயுத் துளையைப் பெரிதாக்கினால், கனமான ஒற்றைக் குண்டுத் தோட்டாவில் போல்ட் தேவைக்கு மேல் வேகமெடுத்துப் பின்சுவரில் மோதும். நாளடைவில் பாகங்கள் விரியும். துளையைப் பெரிதாக்கலாம், திரும்பச் சிறிதாக்க முடியாது. எஃப்.என். எஸ்.எல்.பி. போல இலேசுக்கு ஒன்று, கனத்துக்கு ஒன்று என இரண்டு பிஸ்டன் கொடுத்துவிடுவது நேர்மையான வழி. ரெமிங்டன் 1100இல் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது கிழிந்தாலே துப்பாக்கி சோம்பிவிடும். துளைபோடும் எண்ணத்தோடு பணிமனைக்குப் போவதற்கு முன் அந்த வளையத்தை மாற்றிப் பார்ப்பது மலிவு.

இயக்கத்தின் வேகத்தைக் கூட்டுகிறோம் என்று விற்கும் பாகங்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி போதும். கண்காட்சிச் சுடுநரான டாம் நாப் 2004இல் ஒரு பெனெல்லி எம்2வை வைத்துக்கொண்டு, தானே கையால் மேலே எறிந்த பத்துக் களிமண் தட்டுகளைத் தனித்தனியாகப் பத்து வெடியில் 2.2 வினாடிக்குள் உடைத்தார். சாதாரணத் துப்பாக்கியின் போல்ட் மனிதக் கண்ணையும் விரலையும் எப்போதோ தாண்டிவிட்டது.

பின்னுதைப்புக்கு வருவோம், விளம்பரங்கள் அதிகம் உரத்துப் பேசும் இடம் இதுதான். அடிப்படை பள்ளிக்கூட இயற்பியல்: முன்னே போகும் ஈயம், அதை ஏந்திச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம், எரிந்த வாயு மூன்றின் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குக் கிடைக்கும். 3.5 கிலோ துப்பாக்கியில், வினாடிக்கு 366 மீட்டர் வேகத்தில் போகும் 32 கிராம் ஈயத்துக்கு நான் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில் பின்னுதைப்பு ஆற்றல் 28 ஜூல். அதே வேகத்தில் 28 கிராம் என்றால் 23 ஜூல். ஒலிம்பிக்கில் கட்டாயமான 24 கிராம் என்றால் 17 ஜூல். 28 கிராம் தோட்டாவையே வைத்துக்கொண்டு துப்பாக்கியில் அரை கிலோ கூட்டினால் 20 ஜூல். அதாவது, நான்கு கிராம் ஈயத்தைக் குறைப்பதன் பலன் அரை கிலோ இரும்பைச் சுமப்பதைவிடப் பெரியது. தோட்டாப் பெட்டியை மாற்றுவது பணிமனைக்கே போகாமல் செய்யக்கூடிய மாற்றம்.

இந்தக் கணக்கில் அறைக்கு முன்னால் உள்ள கூம்பை நீட்டுவதற்கும், குழலின் உட்புறத்தைச் சற்றே அகலமாக்குவதற்கும் இடமே இல்லை. வெளியேறும் எடையும் வேகமும் மாறாதவரை உந்தமும் மாறாது. ரவையின் விரிவு சீராகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஏதாவது இருக்கலாம், ஆனால் பத்து மீட்டரில் இரும்புத் தட்டை அடிப்பவருக்கு அது எதற்கு? குழல்முனையில் துளைபோடுவதற்கு ரைஃபிளில் நல்ல பலன் உண்டு, ஏனென்றால் அங்கே குண்டு வெளியேறும்போது வாயு அழுத்தம் மிக அதிகம். ஷாட்கன்னில் அந்த இடத்துக்கு வருவதற்குள் அழுத்தம் வெகுவாகத் தணிந்துவிடும். முனை எழும்புவது கொஞ்சம் குறையலாம். பக்கத்தில் நிற்பவரின் காதுக்குச் சத்தம் நிச்சயம் கூடும். வாயு வகை இயக்கம் தோளுக்கு இதமாகத் தோன்றுவதன் காரணம் வேறு: அதே உந்தத்தை அது கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது.

தோளில் எவ்வளவு உதைக்கிறது என்பதைவிட எங்கே உதைக்கிறது என்பது முக்கியம்; அதை முடிவு செய்வது கட்டையின் பொருத்தம். ஷாட்கன்னில் பின்பார்வை கிடையாது, சுடுபவரின் கண்தான் பின்பார்வை. கன்னம் பதியும் மேடு உயரமாக இருந்தால் வெடி மேலே போகும், தாழ்வாக இருந்தால் கீழே. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிப் பணிமனைகளில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: பதினாறு கஜத்தில், அதாவது 14.6 மீட்டரில், வெடி ஒரு அங்குலம் விலகினால் கட்டையில் பதினாறில் ஒரு அங்குலத்தைத் திருத்து. கண்ணிலிருந்து குழல்முனை சுமார் தொண்ணூறு சென்டிமீட்டர், 14.6 மீட்டர் அதைப்போல் பதினாறு மடங்கு, எனவே 1.6 மில்லிமீட்டர் திருத்தம் அங்கே 25 மில்லிமீட்டராகும். ஒரு பெரிய காகிதத்தை ஒட்டி, குறிபார்க்காமல் தோளுக்கு ஏற்றிய வேகத்தில் பலமுறை சுட்டு, நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தாலே போதும். இத்தாலியத் துப்பாக்கிகள் பலவற்றோடு கட்டைக்கும் உடலுக்கும் இடையில் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் இலவசமாகவே வரும். சரிவையும் பக்கச்சாய்வையும் அவற்றால் மாற்றலாம். ஆனால் அந்தத் தகடுகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு மூன்று சோக் வாங்குகிறவர்கள்தான் அதிகம். குள்ளமானவர்களுக்கும் பெண்களுக்கும் தொழிற்சாலைக் கட்டை நீளமாகவே இருக்கும். அதைக் குட்டையாக்காமல் பெரிய மேகசின் பொருத்துவது தலைகீழ் வேலை.

சோக் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. குழல்முனையின் இறுக்கம்தான் அது: 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், ‘ஃபுல்’ என்பது அதில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைவு, ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’ கால் மில்லிமீட்டர். நாற்பது கஜத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் முன்னது ரவையில் 70 விழுக்காட்டையும், பின்னது 50 விழுக்காட்டையும் போடும் என்பது மரபான அளவு. த்ரீ-கன் சுற்றுகளில் இலக்குகள் கிட்டத்தில் இருப்பதாலும், அதே குழலில் ஒற்றைக் குண்டும் போக வேண்டியிருப்பதாலும் கால் மில்லிமீட்டர் இறுக்கமே பெரும்பாலும் போதும். ஃபுல் சோக் வழியே ஒற்றைக் குண்டைச் செலுத்தக் கூடாது.

விசையைத் தொடாமல் விடலாம். ரைஃபிள் சுடுபவர் விசையைப் பிழிவார். ஷாட்கன் சுடுபவர் தட்டுவார். அரை கிலோ குறைந்தால் தட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பற்களை மிகவும் இழைத்துவிட்ட விசைக்கூடு, பின்னுதைப்பின் அதிர்ச்சியிலோ கீழே விழுந்தாலோ தானாக வெடிக்கலாம். துப்பாக்கியைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டத்தில் அது போட்டியிலிருந்து நீக்கத்தோடு போகும் தவறல்ல.

எதை மாற்றலாம் என்பதைச் சட்டமும் சொல்லும். நாட்டுக்கு நாடு அது வெவ்வேறு. அமெரிக்காவில் குழாயை நீட்டுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் இறக்குமதித் துப்பாக்கியில் அப்படிச் செய்தால், உள்ளே இருக்கும் வெளிநாட்டு உதிரிபாகங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பெனெல்லிக்கு அமெரிக்கத் தயாரிப்பு ஃபாலோயர் வாங்குபவர் எல்லாரும் தரத்துக்காக வாங்குவதில்லை. பிரிட்டனில் ஹங்கர்ஃபோர்டு ஊரில் நடந்த துப்பாக்கிப் படுகொலைக்குப் பிறகு வந்த 1988 சட்டம், மேகசினில் இரண்டுக்கு மேல் கொள்ளும் ஷாட்கன்னை ரைஃபிளுக்குரிய கடுமையான உரிமத்தின் கீழ் கொண்டுபோனது. செமி-ஆட்டோ ரைஃபிளை ஏறக்குறைய முழுதாகத் தடை செய்தது. 1997இல் கைத்துப்பாக்கியும் போனது. அதனால் ஓடியாடிச் சுடும் விளையாட்டில் ஆசை கொண்டவர்களுக்கு அங்கே மிஞ்சியது பெரும்பாலும் ஷாட்கன்தான். 24 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டும் என்பதால் அவர்களுடைய துப்பாக்கிகள் நீளமானவை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, அதற்கான உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதைத் தடுக்கிறது. வீட்டுப் பட்டறையில் அரத்தோடு உட்காரும் யோசனை இங்கே யாருக்கும் வர வேண்டாம்.

ஏற்றும் சிக்கலை அடியோடு ஒழிக்கும் வழி ஒன்று இருக்கிறது: கழற்றி மாட்டும் பெட்டி மேகசின். கலாஷ்னிகோவ் குடும்பத்துச் சைகா-12 அப்படிப்பட்டது. ‘ஓப்பன்’ பிரிவில் அதற்கு அனுமதி உண்டு. தூக்கி வேண்டாம், அகன்ற ஏற்றுவாய் வேண்டாம், இடுப்பில் தோட்டாத் தாங்கி வேண்டாம், பத்துத் தோட்டாவை ஒரே அசைவில் மாற்றலாம். மற்ற பிரிவுகள் அதை உள்ளே விட மறுப்பதன் காரணமும் இதுவே; கையின் திறமை கழன்றுபோய்விடும். ஆனால் விளிம்பு துருத்திய ஷாட்கன் தோட்டாக்களைப் பெட்டிக்குள் அடுக்குவது எளிதல்ல. ஒன்றின் விளிம்பு மற்றதன் பின்னால் மாட்டினால் மேலே வராது. போல்ட் மூடிய நிலையில் முழு மேகசினை நெடுநேரம் மாட்டி வைத்தால், மேலே இருக்கும் தோட்டாவின் பிளாஸ்டிக் கூடு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நசுங்கி, வட்டம் முட்டை வடிவமாகி, அறைக்குள் போக மறுக்கும். ஓப்பன் பிரிவுக்காரர்களின் கன்ஸ்மித்துகள் மேகசின் உதடுகளையும், மேகசின் மாட்டும் வாயின் விளிம்பையும், அறைக்கு ஏறும் சரிவையும் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.